மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க

உலகத்தார் அனைவரும் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, முடிந்தால் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: படக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டார்.

இந்த அறிவிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் வெளியானது. வெளியிட்டவர் படக்காரரேதான். அந்த வரலாற்றுத் தருணத்தைக் காணும் பேறு பெற்றவர்கள் அவருடைய மனைவி, மகள், அழைக்காமலே சாப்பிட வந்திருந்த மனைவியின் அண்ணன் ஆகியோர்.

"விட்டுட்டேன்" என்றார் படக்காரர்.

"எதை?" என்றாள் மனைவி. மாடியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வந்துவிட்டாரோ என்ற கவலை அவளுக்கு.

"சிகரெட்டை."

யாரும் எழுந்து நிற்கவில்லை. மனைவி அப்பளம் தீர்ந்துவிட்டதா என்று டப்பாவைப் பார்த்தாள். மச்சான் மட்டும் வாயில் இருந்ததை மென்று முடித்து, நிதானமாகத் தண்ணீர் குடித்து, "இது எத்தனாவது தடவை மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

கேட்க அவருக்குத் தகுதி உண்டு. மச்சான் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஒரே விநாடியில் சிகரெட்டை விட்டவர். அந்தக் கதையைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார், சிலருக்கு அவர்கள் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருந்தபோதும் சொல்லியிருக்கிறார். "பால்கனியில நிக்கிறேன். கையில சிகரெட். அதைப் பாத்தேன். 'எனக்கு நீ எஜமானா, உனக்கு நான் எஜமானா'ன்னு கேட்டேன். கீழ போட்டேன். அவ்வளவுதான். எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். முதன்முதலாகச் சொன்னபோது அந்த பால்கனி முதல் மாடியில் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து இப்போது நான்காவது மாடிக்கு வந்திருக்கிறது. உண்மையில் அவர் சிகரெட்டை விட்ட இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. நெஞ்சுவலி வந்து மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தபோது பற்றவைக்க நர்ஸ் சம்மதிக்கவில்லை.

ஆனால் அந்த மேசையில் ஓர் ஆச்சரியமும் நடந்தது. மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நிஜமாவாப்பா?" என்றாள்.

இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்பவர்களுக்கு: அவள் அப்பாவிடம் நேராகப் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. அவள்மேல் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டவர், அதே வாரத்தில் வீட்டுக் குளியலறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஊதியபோது பிடிபட்டார். அன்றிலிருந்து அவள் பேச்சு எல்லாம் அம்மா வழியாகத்தான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் "அம்மா, அப்பாகிட்ட சொல்லு, போன் அடிக்குதுன்னு" என்பாள். மனைவியும் தபால்காரர் மாதிரி, "ஏங்க, போன் அடிக்குதாம்" என்று கொண்டுவந்து சேர்ப்பாள்.

"நிஜமாத்தான்மா" என்றார் படக்காரர். லேசாகச் செருமிக்கொண்டார். மச்சான் அதை இருமல் என்று குறித்துக்கொண்டார்.

ஏன் விட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. மனத்திடம், ஞானோதயம், குடும்பப் பாசம் என்று அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொண்டார்கள். காரணம் வேறு.

படக்காரர் என்பது தெருவில் வைத்த பெயர். அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர். சினிமாப் படம் எடுப்பவர் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தோம் என்று மச்சான் இன்றைக்கும் வருத்தப்படுவார். வேலையில் படக்காரர் புலி. வருகிறவரின் மார்பைத் தகட்டோடு ஒட்டி நிறுத்துவார். தாடையைத் தூக்கி, இரண்டு கைகளையும் இடுப்பில் வைக்கச் சொல்லி, தோளை முன்னால் தள்ளிவிடுவார். பிறகு கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய், "மூச்சை நல்லா இழுங்க… பிடிங்க…" என்று சொல்லி சுவிட்சை அமுக்குவார். "விடுங்க."

பொத்தான் விஷயத்தில் மட்டும் அவர் சர்வாதிகாரி. சட்டை, சங்கிலி, ஊக்கு, பேனா எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. "ஒரு சின்ன பட்டன் போதும் சார், படத்துல கட்டி மாதிரி விழும். அப்புறம் நீங்க அழுவீங்க, உங்க சம்சாரம் அழுவாங்க, டாக்டர் என்னைத் திட்டுவாரு" என்று மேயரையே சட்டையைக் கழற்ற வைத்தவர்.

படம் திரையில் வந்ததும் கூட வந்தவர்கள் கண்ணாடிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தவுடன் தப்பாகத்தான் பார்ப்பார்கள்.

"அய்யய்யோ, இடது பக்கம் ஏதோ வெள்ளையா இருக்கே. நெஞ்சுக்குப் பக்கத்துலயா?"

"இடது இல்லம்மா. எதிர்ல ஒரு ஆள் நிக்கிறாருன்னு நெனச்சிக்கிட்டுப் பாருங்க. அவரோட வலது கை உங்களுக்கு இடது கைப்பக்கம்தானே இருக்கும்? அதான். இது அவரோட வலது பக்கம்."

இதை அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் என்று தெரியாது. வரவேற்பு மேசையில் இருக்கிற பெண், அவர் இல்லாதபோது இதை அவர் குரலிலேயே சொல்லி ஆம்புலன்ஸ் டிரைவரைச் சிரிக்க வைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் பொறியாளர் வந்திருந்தார். முதலாளி அதையும் ஒரு விழாவாக்கிப் புகைப்படம் எடுத்துப் போடுகிறவர் என்பதால், எல்லோரும் நல்ல உடையில் வர வேண்டும் என்று உத்தரவு. படக்காரர் மகள் வாங்கித் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். வாங்கித் தந்தது என்றால், அம்மாவிடம் கொடுத்து, "அப்பாகிட்ட குடுத்துடு" என்று சொன்னது. பைக்கு மேல் ஒரு மடிப்பும், அந்த மடிப்பில் தடிமனான பொத்தானும் வைத்த சட்டை.

பொறியாளர் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு படம் எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளிகூட இல்லை.

"நான் நிக்கிறேன். நீ வந்து சுவிட்சை அமுக்கு" என்றார் வரவேற்புப் பெண்ணிடம்.

"சட்டையைக் கழட்டலையா அண்ணா? ஊரையே உரிச்சி எடுப்பீங்களே."

"டெஸ்ட்தானே. பரவால்ல."

பரவாயில்லை என்பது காரணமில்லை. உள்ளே போட்டிருந்த பனியன்தான் காரணம். அது பனியனாக இருந்து வலையாக மாறிக்கொண்டிருந்தது. மகள் வயதுப் பெண்ணின் முன்னால் அதைத் திறந்துகாட்ட ஒரு மனிதன் துணியமாட்டான்.

அவள் கண்ணாடிக்குப் பின்னால் போய், குரலைக் கனமாக்கிக்கொண்டு, "மூச்சை நல்லா இழுங்க… பிடிங்க…" என்றாள். அவர் இழுத்தார். பிடிக்கப் போன இடத்தில் இருமல் வந்தது. அவள் அதற்குள் அமுக்கிவிட்டாள். "விடுங்க!"

"வந்துடுச்சு அண்ணா! சூப்பரா இருக்கு. எலும்பெல்லாம் எண்ணலாம் போல."

படக்காரர் சிரித்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். கழுத்தடிக் காறை எலும்புக்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வட்டமாக ஒரு நிழல். திரையில் இடது மூலை. அப்படியென்றால் ஆளின் வலது நுரையீரல். இதற்கு அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய கை தானாகவே எழுந்து தன் வலது மார்பைத் தொட்டது.

"என்ன அண்ணா, நல்லா இருக்குல்ல?"

"மெஷின் நல்லா இருக்கு" என்றார் படக்காரர்.

படத்துக்குச் 'சோதனை' என்று பெயர் கொடுத்து, கணினியில் யாரும் போகாத ஒரு மூலையில் போட்டு மூடினார்.

இனி அறிவுள்ளவன் என்ன செய்வான்? மாலையில் படங்களைப் பார்த்து அறிக்கை எழுத வரும் டாக்டரிடம் காட்டுவான். சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுப்பான். படக்காரரிடம் அறிவு இருந்தது. பிறர் நுரையீரலுக்கு அதைத் தாராளமாகச் செலவழித்தும் வந்தார். ஆனால் தன்னுடையது என்று வரும்போது அவர் கண்ட நியாயம் வேறு. டாக்டரிடம் காட்டினால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். காட்டாத வரைக்கும் அது வெறும் நிழல். நிழலோடு பேரம் பேசலாம். நான் சிகரெட்டை விட்டுவிடுகிறேன், நீ என்னை விட்டுவிடு. அந்தப் பேரத்தின் முதல் தவணைதான் சாப்பாட்டு மேசையில் கேட்ட அறிவிப்பு.

சிகரெட்டை விடுவது பற்றி உலகத்தில் நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் குடி, நட, கிராம்பு மெல்லு, ஆழமாக மூச்சை இழுத்து விடு. கடைசியாகச் சொன்னதுதான் படக்காரருக்கு எமன். மூச்சை இழு, பிடி, விடு. சிகரெட் பிடிப்பதற்கு இதைவிடத் துல்லியமான செய்முறை விளக்கம் இல்லை. அதை நாள் முழுக்கத் தன் வாயாலேயே சொல்வதுதான் அவர் தொழில். காலையில் முதல் ஆளை நிறுத்தி "நல்லா இழுங்க" என்றதுமே அவர் நெஞ்சு தானும் இழுத்தது. "பிடிங்க" என்றபோது பிடித்தது. "விடுங்க" என்றபோது உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. வெறும் காற்று. ஏமாற்றத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூச்சை உள்ள வெச்சிக்கோங்க" என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒரு கிழவர், "எதை சார் உள்ள வெச்சிக்கணும்?" என்று கேட்டார். பழைய வாசகத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

டீ ருசியற்றுப் போனது. டீ இவ்வளவு மோசமான பானம் என்பது இத்தனை வருடங்களில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சிகரெட்டுக்கு முன்னால் தொண்டையை நனைக்க அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். கைகள் வேலையிழந்து நின்றன. பேனா மூடிகளைக் கடித்தார். சென்டரில் மூடியோடு ஒரு பேனாகூட இல்லாமல் போனது. வீட்டில் மனைவி கிராம்பு டப்பாவை வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினாள். வாய் கிராம்புக் கிடங்கு மாதிரி மணந்தது.

கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறையின் நிழலில்தான் அவருடைய சபை கூடும். ஆம்புலன்ஸ் டிரைவர், மருந்துக்கடைக்காரர், சென்டருக்குப் பக்கத்து வீட்டு வாத்தியார். நெஞ்சு நோய்க்கு மாத்திரை கொடுப்பவர், நெஞ்சைப் படம் எடுப்பவர், நெஞ்சு நின்றுபோனால் அள்ளிக்கொண்டு ஓடுபவர் எல்லோரும் ஒரே தீக்குச்சியில் பற்றவைக்கிற இடம். உலகத்தில் வேறெங்கும் படக்காரர் சொல்கிற ஜோக்குக்கு யாரும் சிரித்ததில்லை.

ஒருநாள் டிரைவர் வராந்தாவில் மடக்கினார். "என்ன படக்காரரே, ஆளையே காணோம்? நான் வந்து தூக்கிட்டுப் போற அளவுக்கு எதுவும் ஆயிடலையே?"

"விட்டுட்டேன்பா."

"அது தெரியும். அதுக்கு ஏன் எங்களையும் விட்டீங்க? சும்மா வந்து நில்லுங்க. நாங்க இழுக்கிறோம், நீங்க பாருங்க."

போய் நின்று பார்த்தார். நடுவில் பட்டினி கிடக்கிற ஆள் நின்றால் சாப்பிடுகிறவர்களுக்கும் இறங்காது. வாத்தியார் பாதியில் அணைத்துவிட்டு, "வேணாங்க, இவரு பாக்கிற பார்வையில எனக்குக் கண்ணு பட்டுடும்" என்று போய்விட்டார். மறுநாளிலிருந்து படக்காரரைக் கண்டால் சபை கலைந்தது.

வரிசையில் நிற்பவர்கள்மேல் அவர் எரிந்து விழுந்தார். "விடுங்க" என்பதற்குள் மூச்சை விட்டுவிட்ட ஒரு பெண்மணியிடம், "மூச்சுவிட அவ்வளவு என்ன அவசரம் உங்களுக்கு?" என்று கத்தினார். வரவேற்புப் பெண் மெதுவாக வந்து, "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எங்களுக்காக ஒண்ணே ஒண்ணு அடிச்சிட்டு வந்துடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

அவர் அடிக்கவில்லை. நிழல் இருந்தது. ஒவ்வொரு தடவை கால் ஜெனரேட்டர் பக்கம் திரும்பும்போதும் அது வலது மார்புக்குள்ளிருந்து கூப்பிட்டது. மச்சான் சொன்ன அந்த மனவுறுதி நெற்றியில் இருந்ததோ இல்லையோ, படக்காரருக்கு இருந்த ஒரே உறுதி சுண்டுவிரல் நகம் அளவில் காறை எலும்புக்குக் கீழே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலங்களில் மகள் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். ஆரஞ்சு உரித்துச் சுளைகளை அவர் கையில் வைப்பாள், கை சும்மா இருக்கக் கூடாது என்று. அலுவலகத்தில் யார் யாரை முறைத்தார்கள் என்று சொல்வாள்.

"அப்பா, உங்க மேல இப்ப என்ன வாசனை வருது தெரியுமா?"

"கிராம்பா?"

"அதைத் தாண்டி. சோப்பு. நீங்க சோப்பு போட்டுக் குளிக்கிறீங்கங்கிறதே எனக்கு இப்பதான்பா தெரியும்."

அவர் சிரித்தார். சொல்லிவிடலாமா என்று தோன்றியது. 'அம்மாடி, என் நெஞ்சில ஒண்ணு இருக்கு, எனக்குப் பயமா இருக்கு.' அவ்வளவுதான், எட்டு வார்த்தை. சொன்னால் அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நிறுத்துவாள். ஆனால் சொன்னால், விட்டது பயத்தில்தான், அவளுக்காக இல்லை என்று தெரிந்துவிடும். இன்னொரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் முதலாளிக்கு விஷயம் எட்டியது. நல்ல காரியம் எதைக் கேள்விப்பட்டாலும் அதை அட்டையில் அச்சடித்து மாட்டுகிறவர் அவர். ஒரே வாரத்தில் சென்டரின் வாசலில் ஆள் உயரப் படம் எழுந்தது. படக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தார். பின்னால் ஒரு சிகரெட் முதுகெலும்பு முறிந்து விழுந்துகொண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: 'புகையை வென்ற வீரர்'. கீழே நுரையீரல் பரிசோதனைக்குச் சலுகை அறிவிப்பு. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கிறவருக்கு இந்த மாதிரி படம் வெக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க" என்றார்.

படத்தைத் தொடர்ந்து விழாவும் வந்தது. நுரையீரல் விழிப்புணர்வு விழா. சிறப்பு விருந்தினர், மாலையில் வரும் அதே டாக்டர். அன்றைக்கு மட்டும் காலையில் வந்தார். காத்திருப்போர் கூடத்தில் நாற்காலிகளைத் திருப்பிப்போட்டு மேடையாக்கியிருந்தார்கள். மனைவியும் மகளும் முன்வரிசையில். படக்காரருக்கு அன்று எந்தச் சட்டை என்பதை மகள்தான் முடிவு செய்தாள். "நான் வாங்கிக் குடுத்ததைப் போடுங்கப்பா. போட்டோல நல்லா விழும்."

டாக்டர் பேசினார். மனவுறுதி, மனவுறுதி, மனவுறுதி என்று மூன்று முறை மேசையைத் தட்டினார். மைக் மூன்று முறையும் அலறியது. "ஒரு மனிதன் முடிவெடுத்தால் முடியாதது எது?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தண்ணீர் குடித்தார். அடுத்து, அழைப்பிதழில் பெயரே இல்லாத மச்சான் எப்படியோ மைக்கைப் பிடித்துவிட்டார். பால்கனி ஆறாவது மாடிக்குப் போயிருந்தது. அங்கிருந்து அவர் வீசியெறிந்த சிகரெட் தரைக்கு வர வெகு நேரமாயிற்று.

பிறகு கேடயம். கண்ணாடியில் நுரையீரல் வடிவத்தில் செய்யச் சொல்லியிருந்தார் முதலாளி. செய்தவர் இரண்டு கத்தரிக்காய்களை ஒட்டிவைத்திருந்தார். படக்காரர் அதை மார்போடு அணைத்து நின்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். மகள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள்.

"எப்படி விட்டீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் முதலாளி.

படக்காரர் மைக்கைப் பார்த்தார். "பயத்துல" என்றார்.

கூடம் அதிரச் சிரித்தது. எவ்வளவு அடக்கம் என்று டாக்டர் முதலாளியின் காதில் சொன்னார்.

விழா முடிந்து, எல்லோரும் பலகாரத் தட்டைத் தேடிப் போனபோது, படக்காரர் டாக்டரை வராந்தா முனையில் பிடித்தார். ஏன் அன்று பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. கைதட்டல் ஒருவேளை கொஞ்சம் தைரியம் கொடுத்திருக்கலாம்.

"சார், ஒரு பேஷண்ட்… படத்துல வலது பக்கம் மேல, சின்னதா, ரவுண்டா ஒண்ணு…"

"வயசு?"

"என் வயசு இருக்கும்."

"ஸ்மோக்கரா?"

"இருந்தாரு."

"அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு? நாளைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்துடணும். தள்ளிப்போடக் கூடாது." டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "இல்ல, சட்டையோட எடுத்துட்டீங்களா? பட்டனா இருக்கப் போகுது. ஆனா உங்ககிட்ட பட்டன் தப்பாதே! சரி, அந்த ஆளை வரச் சொல்லுங்க, நான் பாக்கிறேன்."

டாக்டர் போய்விட்டார். அவர் சொன்னதில் 'நாளைக்கே' இருந்தது, 'தள்ளிப்போடக் கூடாது' இருந்தது, 'வரச் சொல்லுங்க' இருந்தது. படக்காரரின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

பட்டன்.

குனிந்து பார்த்தார். சட்டைப் பையின் மடிப்பில், தடிமனாக, வட்டமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, மகள் வாங்கித் தந்த பொத்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு ஓடினார். கணினியைத் திறந்தார். 'சோதனை'. அன்றைக்குப் பிறகு அந்தப் படத்தை அவர் பார்க்கவே இல்லை. இதோ நிழல். திரையின் இடது பக்கம். இதோ சட்டைப் பை. அவர் கை மேலே எழுந்து பொத்தானைத் தொட்டது. இடது பக்கம். திரையைப் பார்த்தார், இடது. கையைப் பார்த்தார், இடது.

பொத்தான் என்றால் ஓரம் வெட்டினாற்போல் தெரியுமே, இது மங்கலாக இருக்கிறதே என்று உள்ளே எங்கோ ஒரு பழைய எக்ஸ்ரேக்காரன் முனகினான். அட, நான்தான் இருமினேனே, ஆடியிருப்பேன் என்று படக்காரர் அவன் வாயை அடைத்தார்.

வரவேற்புப் பெண் பலகாரத் தட்டோடு எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணா, இங்க வந்து உக்காந்துட்டீங்க? எல்லாரும் தேடறாங்க. அது யாரோட படம்?"

"என்னோடதுதான். அன்னைக்கு நீ எடுத்தியே! பாரு, பட்டன் விழுந்திருக்கு. வெறும் பட்டன்!" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னைக்கே சொன்னேன், சட்டையைக் கழட்டுங்கன்னு. இப்ப ஆள் இல்ல. கழட்டிட்டு இன்னொண்ணு எடுத்துடலாமா?"

"பட்டன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் எதுக்கு? வீணா கதிர் பட்டுக்கிட்டு. உடம்புக்கு நல்லதில்ல" என்றார் படக்காரர். 'சோதனை' என்ற படத்தை அழித்தார். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. நிச்சயமாக என்றார்.

ஜெனரேட்டர் அறையின் நிழலில் டிரைவர் தனியாக நின்றிருந்தார். படக்காரர் வருவதைப் பார்த்ததும் வழக்கம்போல் சிகரெட்டை அணைக்கப் போனார்.

"அணைக்காதே. ஒண்ணு குடு."

டிரைவர் கேடயத்தைப் பார்த்தார். படக்காரரின் முகத்தைப் பார்த்தார். "இப்பதானே மைக்ல… வேணாம் படக்காரரே. இவ்வளவு தாண்டிட்டீங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. பட்டன்தான்."

"எந்தப் பட்டன்?"

"குடுன்னா குடேன்."

கொடுத்தார். பற்றவைத்தும் விட்டார். கேடயத்தை ஜெனரேட்டர் மேல் வைத்துவிட்டுப் படக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நன்றாக இழுத்தார். பிடித்தார். இத்தனை நாளாக வரிசை வரிசையாகப் பிறருக்குச் சொல்லிச் சொல்லி ஏங்கியது உள்ளே இறங்கி, மூலைமுடுக்கெல்லாம் போய், விளக்கேற்றி, அவரவர் நாற்காலியில் அவரவரை உட்காரவைத்தது. விட்டார். இந்த முறை வெறும் காற்று வரவில்லை. டிரைவர் ஏதோ சொன்னார், படக்காரர் அதற்கு ஒரு ஜோக் சொன்னார், டிரைவர் சிரித்தார். உலகம் பழையபடி ஓட ஆரம்பித்தது. இதையா விடச் சொன்னார்கள்? யாருக்காக? எதற்காக? ஒரு பொத்தானுக்காகவா?

இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

வாசலில், தன்னுடைய ஆள் உயரப் படத்தைத் தாண்டி, வாடகைக் காரில் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். மகள் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்தாள். "எங்கப்பா போனீங்க? உங்களை எல்லாரும் தே—"

பாதியில் நின்றாள். கிராம்பைத் தாண்டி, சோப்பைத் தாண்டி, அவள் மூக்குக்கு ஒன்று போய்ச் சேர்ந்தது. அவள் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. வீட்டில் மின்சாரம் போகும்போது ஒவ்வோர் அறையாக இருட்டுமே, அப்படி இருந்தது.

கதவை விட்டுவிட்டு முன்னிருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லு, ஷீல்டைப் பாத்துப் பிடிச்சிக்கச் சொல்லு. கண்ணாடி."

"ஏங்க, பாத்துப் பிடிச்சிக்கணுமாம்" என்றாள் மனைவி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

படக்காரர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், இந்த நாட்களிலெல்லாம் இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. சமாதானம் செய்துகொள்ளலாம். இன்னொரு தடவை விட்டுக்காட்டலாம். அடுத்த வருடம் பார்க்கலாம், அதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம். அதற்கெல்லாம்தான் நேரம் இருக்கிறதே. அவர் கை தானாக எழுந்து பையின் மடிப்பில் இருந்த அந்தப் பொத்தானைத் தடவிக்கொடுத்தது.

பொத்தான் இடது பக்கம் இருந்தது. நிழல் வலது பக்கம் இருந்தது.